துரு பார்க்கப் போன ஊர்

ஞாயிறு, இரவு 11 மணி

சேலம் உருக்காலையில் 37 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அமெரிக்கா வந்து இரண்டு மாதம் ஆகிறது. நயாகரா பார்த்தாயிற்று, சுதந்திர தேவி சிலை பார்த்தாயிற்று, மகள் வீட்டுப் பின்பக்கம் அணில் ஓடுவதைத் தினமும் பார்த்தாயிற்று. போன வாரம் சாப்பிடும்போது மாப்பிள்ளை, "அடுத்த வாரம் பிட்ஸ்பர்க்ல வேலை இருக்கு, சனிக்கிழமைதான் திரும்புவேன்" என்றார். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். "நானும் வரட்டுமா?"

"அங்க என்னப்பா இருக்கு? மில்லெல்லாம் மூடி நாப்பது வருஷம் ஆச்சு. இப்ப ஆஸ்பத்திரியும் காலேஜும்தான்" என்றாள் மகள்.

தெரியும். ஆனாலும் நான் வேலைக்குச் சேர்ந்த 1983இல் பயிற்சி வகுப்பில் காட்டிய படங்களில் பாதிக்கு மேல் பிட்ஸ்பர்க்தான். ஆற்றங்கரை முழுக்கப் புகைபோக்கி, இரவில் சிவந்த வானம். கஞ்சமலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் படங்களைப் பார்த்தவனுக்கு, அந்த ஊர் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை வராதா?

நியூ ஜெர்சியிலிருந்து காரில் ஆறு மணி நேரம். மனைவி புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்தாள், கூடவே இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர், ஒரு மங்கி கேப். மங்கி கேப்பைப் பார்த்ததும் மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டார். நல்ல மனிதர். ஏழு வருஷமாக என்னிடம் "சாப்டீங்களா மாமா", "தூங்கினீங்களா மாமா" என்ற இரண்டு கேள்வியைத் தாண்டிப் பேசியதில்லை, அவ்வளவுதான்.

இலையெல்லாம் கொட்டி முடிந்துவிட்டது. அக்டோபரில் வந்திருந்தால் மலையே பற்றி எரிவதுபோல் இருக்குமாம். இப்போது எல்லா மரமும் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு வைத்ததுபோல் நிற்கின்றன. சாலையோரத்தில் வண்டியில் அடிபட்ட மான்கள். எண்ண ஆரம்பித்து ஒன்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

பென்சில்வேனியா டர்ன்பைக் என்பது 1940இல் திறந்த சுங்கச்சாலை. வழியில் நான்கு மலைக் குகைப்பாதைகள். 1880களில் ஒரு ரயில் பாதைக்காகக் குடைய ஆரம்பித்துப் பாதியில் கைவிட்ட குகைகளைத்தான் பெரும்பாலும் சாலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த ரயில் பாதைக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர் பிட்ஸ்பர்க்கின் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி. ஊருக்கு 150 மைல் முன்னாலேயே அந்த மனிதர் எதிரே வந்துவிட்டார். (இந்தப் பக்கத்தில் 'கார்னேகி' என்று இழுத்துச் சொன்னால்தான் புரிகிறது.)

கிழக்கிலிருந்து வந்தால் ஊர் சும்மா வந்துவிடும், மேற்கிலிருந்து வந்தால்தான் அழகு என்று மாப்பிள்ளை ஊரைக் கடந்து போய், திரும்பி, ஃபோர்ட் பிட் சுரங்கப்பாதை வழியாக மறுபடி கூட்டி வந்தார். ஒரு கிலோமீட்டருக்கு மேல் மஞ்சள் விளக்கும் ஓட்டுச் சுவருமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. சட்டென்று சுவர் முடிகிறது. காலுக்குக் கீழே ஆறு, எதிரே மொத்த நகரமும் விளக்கேற்றி நிற்கிறது, நாம் ஒரு மஞ்சள் இரும்புப் பாலத்தில் இருக்கிறோம். ஆறரை மணிக்கு நடுராத்திரி இருட்டு. "எப்படி மாமா?" என்றார். மூன்றாவது கேள்வி.

திங்கள்

காலையில் ஜன்னலைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம். மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து மூடினார். நான் மறுபடி லேசாகத் திறந்தேன். கோக் உலை வாசனை! இரும்பு உருக்குவதற்காக நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் உலை அது. எங்கள் ஆலையில் கோக் உலை கிடையாது. பயிற்சிக்கு ஒடிசாவின் ரூர்கேலா எஃகு ஆலைக்குப் போனபோது முகர்ந்தது, நாற்பது வருஷம் கழித்தும் மூக்கு மறக்கவில்லை. மொனாங்கஹீலா ஆற்றின் மேல்பக்கம் கிளேர்ட்டனில் கோக் உலைகள் இன்னும் எரிகின்றன. இந்த மாதத்தில் இரவுக் குளிர் பள்ளத்தாக்கில் தங்கிவிடும். அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். வெயில் ஏறி மூடி விலகும் வரை கீழே இருப்பது கீழேயே கிடக்கும்.

இது வேடிக்கை இல்லை. இதே ஆற்றோரம் டொனோரா என்ற ஊரில், 1948 அக்டோபர் கடைசியில் இப்படித்தான் மூடி விழுந்து நாட்கணக்கில் விலகவே இல்லை. துத்தநாக ஆலைப் புகையும் எஃகு ஆலைப் புகையும் உள்ளேயே தேங்கியதில் 20 பேர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூச்சு முட்டியது. அமெரிக்காவில் காற்றுக்குச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு சூடுபிடித்ததே அதற்குப் பிறகுதான். பிட்ஸ்பர்க்கிலும் 1940களில் நண்பகலில் தெருவிளக்கு எரிந்திருக்கிறது. அலுவலகம் போகிறவர்கள் மத்தியானம் மாற்றிக்கொள்ள இன்னொரு சட்டை எடுத்துப் போவார்களாம்.

மாப்பிள்ளை வேலைக்குப் போனதும் பேருந்து பிடித்து நகர மையத்துக்குப் போனேன். நான் பார்க்க வந்த முதல் சாமி அங்கேதான் இருக்கிறது. யு.எஸ். ஸ்டீல் டவர், 64 மாடி, 841 அடி. 1970இல் கட்டி முடித்தது. கண்ணாடியும் கல்லுமாக மினுக்கும் கட்டடங்களுக்கு நடுவே இது மட்டும் அடர்ந்த பழுப்பு நிறத்தில் நிற்கிறது. அந்த நிறம் சாயம் இல்லை, துரு.

நான் வாழ்நாள் முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு உருட்டியவன். உங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்தின் தகடு எங்கள் கையால் வந்ததாக இருக்கலாம். உங்கள் சட்டைப்பையில் இருந்த சில்லறைக்கும் வில்லை வெட்டிக் கொடுத்திருக்கிறோம். தகட்டில் கடுகளவு பழுப்புப் புள்ளி தெரிந்தால் அந்தச் சுருளையே ஒதுக்கிவிடுவோம். இங்கே என்னடா என்றால் வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டிருக்கிறார்கள்! கார்-டென் என்ற வகை எஃகு இது. செம்பும் குரோமியமும் கொஞ்சம் சேர்ந்திருப்பதால், முதலில் பிடிக்கும் துரு பொலபொலவென்று உதிராமல் தோல்போல ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். பெயிண்ட் அடிக்க வேண்டியதே இல்லை. அந்தத் தோல் கெட்டியாகும் வரை மழையில் கரைந்து இறங்கிய துருநீர் கீழே நடைபாதையைக் கறையாக்கிவிட்டது, அதனால் ஊரில் திட்டு வாங்கினார்கள் என்பது கதையின் மறுபாதி.

இன்னொரு விஷயம் பாருங்கள். வெளியே சுற்றிலும் 18 தூண்கள், சுவரை விட்டு மூன்றடி தள்ளி தனியாக நிற்கின்றன. அவை உள்ளே கூடு. அந்தக் கூட்டுக்குள் தண்ணீர், குளிரில் உறையாமல் இருக்க மருந்து கலந்து, அடி முதல் நுனி வரை நிரப்பியிருக்கிறார்கள். தீப்பிடித்தால் தூண் சூடேறி இளகக் கூடாது, உள்ளே இருக்கும் தண்ணீர் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தேன். சொரசொரவென்று, யானைத் தோல் மாதிரி. ஜில்லென்று இருந்தது. கையை எடுத்துப் பார்த்தேன், துரு ஒட்டவில்லை. காவலாளி ஒருவர் கண்ணாடிக்கு உள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மங்கி கேப் போட்ட ஆள் தூணைத் தடவினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்.

அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ராட்சத எழுத்தில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் பெயர். மகள் சொன்னது சரி.

எங்கள் ஓய்வுபெற்றவர் வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் அனுப்பினேன். முதல் பதில்: "நம்மகிட்ட வாங்கியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

தெருவில் போகிறவர்களில் மூன்றில் ஒருவர் கறுப்பு மஞ்சள் உடையில். நேற்று இந்த ஊர் ஸ்டீலர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆட்டமாம். ஆட்டம் எனக்குப் புரியாது. ஆனால் தொப்பியில் இருந்த சின்னத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வட்டத்துக்குள் மூன்று நட்சத்திரம் மாதிரி: மஞ்சள், ஆரஞ்சு, நீலம். நிலக்கரி, இரும்புத் தாது, பழைய இரும்பு! அமெரிக்க இரும்பு எஃகு நிறுவனத்தின் முத்திரை அது. துருப்பிடிக்காத எஃகுக்கு 304, 316 என்று தரம் சொல்லும்போது முன்னால் ஏஐஎஸ்ஐ என்று போடுவோமே, அதே ஏஐஎஸ்ஐ. 1962இல் அணிக்காரர்கள் அதைத் தலைக்கவசத்தில் ஒட்டிக்கொண்டார்கள், இன்றும் வலது பக்கம் மட்டும்தான் இருக்கும், இடது பக்கம் வெறுமை. டீக்கடையில், மன்னிக்கவும், காப்பிக் கடையில் பக்கத்தில் நின்ற பையனிடம் அந்த மூன்று நிறத்துக்கும் அர்த்தம் சொன்னேன். "அப்படியா?" என்று தன் தொப்பியைக் கழற்றிப் பார்த்தான்.

செவ்வாய்

கேரி ஃபர்னஸ் பார்க்க வேண்டும் என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். 1907இல் கட்டிய இரண்டு பிளாஸ்ட் ஃபர்னஸ்கள் (இரும்புத் தாதுவை உருக்கும் உலைகள்), 92 அடி உயரம், இடிக்காமல் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். நேற்று இரவு மாப்பிள்ளை தேடிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாமா, இந்த வருஷத்துக்கு டூர் முடிஞ்சுபோச்சாம்." இலையுதிர்காலக் கடைசியில் வந்தால் இதுதான். எல்லாம் இழுத்துப் பூட்டியிருக்கும், கூட்டமும் இருக்காது.

சரி, அக்கரையிலிருந்தாவது பார்ப்போம் என்று ஹோம்ஸ்டெட் பேருந்து பிடித்தேன். ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய எஃகு ஆலைகளில் ஒன்று. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு உத்தரம் போனது இங்கிருந்துதான். 1986இல் மூடினார்கள். இப்போது அந்த இடம் முழுக்க சினிமா தியேட்டர், துணிக்கடை, ஹாம்பர்கர். வாகன நிறுத்துமிடத்தின் ஓரமாகச் செங்கல் புகைபோக்கிகள் பன்னிரண்டு, வரிசையாக, கீழே எதுவுமே இல்லாமல். கல்யாண வீட்டில் பந்தலைப் பிரித்த பிறகு வாழைமரம் மட்டும் நிற்குமே, அப்படி.

ஆற்றோரமாகவே அரை மணி நேரம் நடந்தால் பழைய பம்ப் ஹவுஸ். 1892 ஜூலை 6ஆம் தேதி விடியற்காலை, வேலைநிறுத்தத்தை உடைக்க ஏறக்குறைய 300 பிங்கர்ட்டன் கூலிக் காவலர்களைப் படகில் ஏற்றி இந்த இடத்தில்தான் கொண்டுவந்து இறக்கப் பார்த்தார்கள். கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார், காரியத்தைச் செய்தவர் அவருக்காக ஆலைகளை நடத்திய ஹென்றி ஃபிரிக். தொழிலாளர்கள் குடும்பத்தோடு கரையில் திரண்டுவிட்டார்கள். நாள் முழுக்கத் துப்பாக்கிச் சூடு, இரு பக்கமும் சாவு. சாயங்காலம் காவலர்கள் சரணடைந்தார்கள், ஆனால் அடுத்த வாரமே மாநிலப் படை வந்தது, சங்கம் நொறுங்கியது, அதன்பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஆலையில் சங்கம் தலைதூக்கவில்லை. நானும் சங்கத்தில் இருந்தவன்தான். வாயிற்கூட்டத்தில் யாராவது 1892 பற்றிப் பேசியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்டிருப்பேன்.

நேர் எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், கேரி. கறுத்துச் சிவந்து, காய்ந்த வெண்டைக்காய் மாதிரி குழாய்களெல்லாம் வெளியே தெரிய. இரண்டு கரைக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. அதில் ஆள் போனதில்லை. அங்கே உருக்கிய இரும்பை, கொதிக்கக் கொதிக்க, வண்டியில் ஊற்றி ஆற்றின் மேலேயே இந்தக் கரைக்கு ரயிலில் கொண்டுவந்திருக்கிறார்கள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஓர் ஆறு.

பெஞ்சில் ஒரு பெரியவர் நாயோடு உட்கார்ந்திருந்தார். என் வயதுதான், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். நான் நெடுநேரம் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, 'யின்ஸ்' எங்கிருந்து என்று கேட்டார். யின்ஸ் என்பது பிட்ஸ்பர்க்குக்கே உரிய சொல். ஆங்கிலத்தில் 'நீ'யும் 'நீங்கள்'உம் ஒன்றாகப் போன குறையை இந்த ஊர்க்காரர்கள் தாங்களாகவே சரி செய்துகொண்டார்கள். மரியாதைக்கு இல்லை, பலர் இருந்தால் சொல்வது. நான் தனியாள்தானே என்று தோன்றியது, திருத்தவில்லை.

இந்தியா, எஃகு ஆலை, கோல்டு ரோலிங் என்றேன். எழுந்து வந்து கை கொடுத்தார். பதினெட்டு வயதில் இங்கே சேர்ந்து, இருபத்தெட்டு வயதில் வெளியே வந்தவராம். அப்புறம் பள்ளிப் பேருந்து ஓட்டியிருக்கிறார். "அந்தத் துணிக்கடை இருக்கிறதே, அங்கேதான் என் கிரேன்" என்று காட்டினார். எவ்வளவு டன், எத்தனை ஷிப்ட், இரவு ஷிப்டில் தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். என் ஆங்கிலத்தில் பாதி அவருக்குப் புரியவில்லை, அவருடைய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. தகட்டை மெல்லிசாக உருட்டும் இசட் மில்லில் ரோல் எப்படி மாற்றுவோம் என்று கையால் காட்டினேன், அது புரிந்தது. உங்கள் ஆலை ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது, தனியாருக்கு விற்பதாக ஒரு பேச்சு வந்தது, பிறகு நின்றது என்றேன். ஒன்றும் சொல்லாமல் நாயின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

மூன்று டிகிரி குளிர். விரல் மரத்துப் போய் போனில் படம் எடுக்க முடியவில்லை. ஐந்து மணிக்கு வெளிச்சம் போய்விட்டது.

புதன்

மழை. மாப்பிள்ளை, "இன்னிக்கு மீட்டிங் நடக்கிற இடம் உங்களுக்குப் பிடிக்கும், வாங்க" என்று கூட்டிப்போனார். எங்கே என்று சொல்லவில்லை.

ஹேசல்வுட்டில் ஆற்றங்கரைப் பொட்டல். அதில் ஏறக்குறைய 400 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரோலிங் மில்லின் எலும்புக்கூடு. மில் 19 என்று பெயர். 1943இல் போர்க்காலத்தில் எழுந்தது. சுவர்த் தகடு, கூரைத் தகடு எல்லாவற்றையும் உரித்துவிட்டு, தூணும் உத்தரமும் அப்படியே நிற்க, அதன் வயிற்றுக்குள் புதிதாகக் கண்ணாடிக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். மேலே முதுகெலும்பு முழுக்கச் சோலார் பலகைகள். உள்ளே ரோபோ ஆராய்ச்சி.

வரவேற்பறையில் என்னை உட்கார வைத்துவிட்டு மாப்பிள்ளை மாடிக்குப் போனார். நான் எங்கே உட்கார்ந்தேன்? குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டுக்குள் நடந்தேன். தூணுக்குத் தூண் இடைவெளியைக் காலால் அளந்தேன். மேலே கிரேன் ஓடிய தண்டவாளத் தாங்கிகள் இருந்த அடையாளம். ரிவெட் தலைகள் அப்பளக் கொப்புளம் மாதிரி வரிசை வரிசையாக. ஒரு தூணில் யாரோ வெல்டிங் செய்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், அவசரத்தில் செய்த வேலை, மணி மணியாக வழிந்திருக்கிறது. இரவு ஷிப்டில் சூப்பர்வைசர் தலைக்கு மேல் நின்று கத்த, அப்படித்தான் வரும். அது மூன்று ஷிப்ட் ஓடியிருக்கும், எண்பது வருஷமும் நின்றிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆரஞ்சு நிற ரோபோக் கை ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தது, மறுபடி எடுத்து வைத்தது. பத்து நிமிஷம் பார்த்தேன். பெட்டி காலி.

வியாழன்

கால் வலி. ஆனாலும் இன்றுதான் மழை விட்டது.

இந்த ஊர் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. மூன்று ஆறு, 446 பாலம், ஏறக்குறைய 800 படிக்கட்டுத் தொகுதிகள். அந்தப் படிக்கட்டுகள் பலவும் அரசாங்கக் கணக்கில் 'தெரு'. இது தெரியாமல் சவுத் சைட் ஸ்லோப்ஸ் பக்கம் வரைபடத்தை நம்பிப் போனேன். அடுத்த தெருவில் வலது பக்கம் திரும்பு என்றது. திரும்பினால் செங்குத்தாகப் படி. ஈர இலை ஒட்டிக்கிடக்கிறது. முப்பதாவது படியில் யேற்காடு ஏறுவதற்குப் பேருந்து இருப்பதன் அருமை தெரிந்தது. ஒரு அம்மாள் சாமான் பையோடு என்னைத் தாண்டிப் போய், மேலே நின்று, "வழுக்கும், பார்த்து" என்றார்.

மேலே ஒரு தெருவில் சமையலறை நாற்காலி ஒன்று நடுத்தெருவில் தனியாகக் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று ஓரமாக நகர்த்தி வைத்தேன். பிறகுதான் மாப்பிள்ளை சொன்னார், அது வண்டி நிறுத்த இடம் பிடித்து வைத்திருக்கும் நாற்காலியாம், தொடவே கூடாதாம், சட்டத்தில் இல்லாவிட்டாலும் ஊரே மதிக்குமாம். பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதே தர்மம். யாருடைய துண்டையோ எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் இன்க்ளைன். மலைச்சரிவில் தண்டவாளம் போட்டு, மேலே போகும் பெட்டியும் கீழே வரும் பெட்டியும் ஒரே வடத்தில் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஆலைத் தொழிலாளிகள் மலைமேல் குடியிருந்தார்கள், வேலை கீழே. அதனால் ஒரு காலத்தில் இப்படிப் பதினைந்துக்கும் மேல் ஓடியிருக்கின்றன, இப்போது இரண்டுதான் பாக்கி. 1870இல் வந்த மொனாங்கஹீலா இன்க்ளைனில் ஏறி, மலை விளிம்பில் நடந்து, 1877இல் வந்த டுகேன் இன்க்ளைனில் இறங்கினேன்.

டுகேனின் மேல் நிலையத்தில் இயந்திர அறைக்குள் எட்டிப் பார்க்க விடுகிறார்கள். பெரிய பல்சக்கரம், ஆளை விட உயரம். பற்கள் மரம்! இரும்புச் சக்கரத்தில் மரப் பல்லைச் செருகியிருக்கிறார்கள். சத்தம் இருக்காது, ஏதாவது சிக்கினால் ஒரு பல் உடையும், மற்றதெல்லாம் பிழைக்கும், புதுப் பல் செதுக்கிச் செருகிக்கொள்ளலாம். எஃகு ஊரின் நடுவே, எஃகு உருக்குகிறவர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்கிய இயந்திரத்துக்கு மரப் பல். மேலிருந்து தெரியும் காட்சியைப் பார்க்கக் கூட்டம் நின்றது. நான் இந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தேன்.

காட்சியும் பார்த்தேன், இல்லாமல் என்ன. வலது பக்கம் மொனாங்கஹீலா, இடது பக்கம் அலகேனி, இரண்டும் சேரும் முனையில் நீரூற்று, சேர்ந்தது ஒஹாயோவாகப் போகிறது. 1950இல் இந்த நகரத்தில் 6.77 லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் 3.03 லட்சம். நம் சேலம் மாநகராட்சியில் பாதிகூட இல்லை.

வெள்ளி

சுருக்கமாக. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் 42 மாடிக் கோபுரம், கதீட்ரல் ஆஃப் லேர்னிங். 1920களில் கட்ட ஆரம்பித்தபோது பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்குப் பத்து சென்ட் கொடுத்தார்களாம், ஏறக்குறைய 97,000 பிள்ளைகள். எழுபது வருஷப் புகைக்கரி படிந்து கன்னங்கரேலென்று இருந்த கல்லை 2007இல்தான் கழுவினார்கள். உள்ளே பல நாடுகளுக்குத் தனித்தனி வகுப்பறை, இந்தியாவுக்கு நாளந்தா மாதிரி செங்கல் அறை. வெளியே சுவரில் ஒரு மூலையில் கழுவினதுக்குத் தப்பிய கறுப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை.

மத்தியானம் பியரோகி. போலந்திலிருந்தும் உக்ரைன் பக்கமிருந்தும் ஆலை வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம். உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டையை வெண்ணெயில் வெங்காயத்தோடு புரட்டினால் அதுதான். ஆறு சாப்பிட்டேன். பச்சைமிளகாய் ஒன்று இருந்திருந்தால் பன்னிரண்டு.

சனி, காரிலிருந்து

ஊர் திரும்பும் வழியில் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில். 1976இல், இங்கே இருந்த மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து, திருப்பதி தேவஸ்தானத்தின் உதவியோடு எழுப்பியது. இலையில்லாத குன்றின் மேல் வெள்ளைக் கோபுரம். ஒரு காலத்தில் பல மாநிலங்களிலிருந்தும் காரில் வருவார்களாம், கல்யாணம், மொட்டை, எல்லாவற்றுக்கும். கால் சில்லிட்டாலும் நல்ல தரிசனம். கீழே உணவுக்கூடத்தில் புளியோதரை வாங்கிக்கொண்டோம். வீட்டுப் புளிசாதத்தைவிட ருசி. இதை மனைவி படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், வேண்டுமானால் அடுத்த முறை அவளும் வரட்டும்.

"நேரா வீட்டுக்குத்தானே மாமா?" என்றார் மாப்பிள்ளை. "ஒரே ஒரு இடம், பத்து நிமிஷம்" என்றேன்.

பிராடக். கார்னகியின் முதல் பெரிய எஃகு ஆலை இங்கே 1875இல் ஆரம்பித்தது. எட்கர் தாம்சன் ஒர்க்ஸ் என்று பெயர் வைத்தார். யார் இந்த தாம்சன்? பென்சில்வேனியா ரயில்வேயின் தலைவர். கார்னகி விற்க நினைத்த சரக்கு தண்டவாளம். வாங்கப்போகிறவர் பெயரையே கடைக்கு வைத்துவிட்டார், எப்பேர்ப்பட்ட வியாபாரி! பக்கத்திலேயே 1889இல் நூலகமும் கட்டிக் கொடுத்தார், அமெரிக்காவில் அவர் கட்டிய முதல் நூலகம், தொழிலாளிகள் குளிக்க அடித்தளத்தில் குளியலறையோடு. அந்தக் காலத்தில் ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். பகல் ஷிப்ட் இரவாக மாறும் நாளில் இருபத்துநாலு மணி நேரம் தொடர்ந்து நிற்க வேண்டும். நூலகத்துக்கு எப்போது போவது? குளிக்கப் போயிருப்பார்கள்.

ஊரில் நூறு வருஷத்துக்கு முன் இருபதாயிரம் பேர், இப்போது இரண்டாயிரம்கூட இல்லை. கடைத்தெருவில் பாதி வீடுகளுக்குப் பலகை அடித்திருக்கிறது. தெரு முனையில் திரும்பினோம். ஆலை. ஓடுகிறது. 150 வருஷமாக அதே இடத்தில். வேலிக்கு அப்பால் ஆவி குபுகுபுவென்று எழுந்து குளிரில் அப்படியே நிற்கிறது. கொட்டகை இடுக்கில் ஒரு நொடி ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்து மறைந்தது. தரையில் லேசான அதிர்வு, செருப்பு வழியாக ஏறுவது. இந்த அதிர்வு நின்று ஐந்து வருஷம் ஆகிறது எனக்கு.

மாப்பிள்ளையும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். "உள்ள என்ன மாமா நடக்குது இப்ப?" என்றார். சொன்னேன். பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமாகிவிட்டது. குளிர் தாங்காமல் காருக்குள் போய், ஜன்னலை ஏற்றிவிட்டு, ஆலையைப் பார்த்தபடியே புளியோதரையைப் பிரித்தோம்.

படமும் காணொளியும் குழுவுக்கு அனுப்பினேன். இந்தியாவில் நள்ளிரவு, ஆனாலும் இரண்டு பேர் விழித்திருந்தார்கள். ஒருவர்: "வெள்ளையா வர்றது புகை இல்ல, ஆவி." அது எனக்குத் தெரியாதாக்கும். இன்னொருவர், என்னோடு இசட் மில்லில் பதினேழு வருஷம் நின்றவர், படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை: "கேன்டீன்ல என்ன போடுறாங்க?"

"புளியோதரை" என்று அடித்து அனுப்பினேன்.